வீதிக்கான பணம்: எந்த அளவுகோலில் நமக்குப் பங்கு?

சம்மாந்துறையில் நெல் ஏற்றும் லொறி கொழும்பு போய்ச் சேர்வதற்குள் மூன்று பொறுப்பாளர்களின் வீதிகளில் ஓடுகிறது. உள் வீதி பிரதேச சபைக்கு, சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு, ஏ, பீ தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. பொத்துவில், கல்முனை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 இந்தக் கடைசி வகை. குழியில் விழுந்து ஸ்பிரிங் உடைந்தால் யாரிடம் முறையிடுவது என்பதே பலருக்குத் தெரியாது.

பணம் பங்கிடுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் கீழ் வந்த நிதி ஆணைக்குழு, சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைப் பார்த்தே மாகாணங்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். பின்தங்கிய மாகாணத்தை முன்னேறிய மாகாணத்தின் மட்டத்துக்குப் படிப்படியாக உயர்த்துவதும் அதன் நோக்கம். எழுத்தில் இது கிழக்குக்குச் சாதகமானது. ஆனால் மாகாணத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது. பெரிய வீதிகளுக்கான பணமோ மத்திய அமைச்சு வழியாக, பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனாக வருகிறது. அதற்கு இந்த அளவுகோல் பொருந்தாது. 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையும் 2013இல் திறந்த கட்டுநாயக்கப் பாதையும் அப்படி வந்தவைதான். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கணக்கில் அவை முந்தின என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் பெற்றோல் கலனுக்கு 18.4 சதம் மத்திய வரி. ஒரு மாநிலத்தின் வாகனக்காரர் கட்டியதில் குறைந்தது 95 சதவீதமாவது அந்த மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும் என 2012இல் சட்டம் செய்தார்கள். நமக்கு இது அப்படியே சரிவராது. எரிபொருள் வரி இறக்குமதியின்போதே அறவிடப்படுவதால், நிந்தவூர் லொறிக்காரர் கட்டியதும் கொழும்புக் கணக்கிலேயே விழும். இந்தியாவில் மத்திய வீதி நிதியின் மாநிலப் பங்குக்கு நிலப்பரப்பு 70, எரிபொருள் பாவனை 30 என்ற அளவுகோல் கையாளப்பட்டது. நிலப்பரப்பு என்றால் அம்பாறை மாவட்டம் கிழக்கில் முதலிடம். ஆயினும் அந்த நிலத்தில் பெரும்பகுதி உள்நாட்டில். நெருக்கமாக மக்கள் வாழும் கரையோரம் ஒரு மெல்லிய கீற்று. ஆகவே நமக்குப் பொருத்தமானது சனத்தொகையும் போக்குவரத்தும்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் கிழக்கின் 15 இலட்சத்து 55 ஆயிரம் பேரில் 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர் இம்மாவட்டத்தவர்.

இதில் வியாபாரிக்கு என்ன? மருதமுனைச் சாரனுக்கும் நமது அரிசிக்கும் விலை தீர்மானிக்கப்படுவது புறக்கோட்டையில். லொறிக்கூலி கூடினால் அங்குள்ளவர் விலையைக் கூட்டித் தரமாட்டார். நமது இலாபத்திலிருந்தே அது கழியும்.

2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பின், கணக்குக் கேட்கத் தெரிவான உறுப்பினர்களும் இல்லாமற் போயினர். ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட வாரியாக வீதிச் செலவைக் கேட்டு நமது வர்த்தக சங்கங்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டியது அவர்களது கடமை.