கேட்ட கேள்வி ஒன்று, காதில் விழுந்தது ஒன்று

"இன்றுள்ள மனிதர்கள் முன்பு வாழ்ந்த விலங்கினங்களிலிருந்து உருவானவர்கள். சரியா, தவறா?" மக்களின் அறிவியல் அறிவை அளப்பதற்காக அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விகளில் இதுவும் ஒன்று. 2012இல் 'சரி' என்றவர்கள் 48 சதவீதம். அதே கணிப்பில் இன்னொரு பகுதியினரிடம் அந்த வாக்கியத்துக்கு முன்னால் 'பரிணாமக் கோட்பாட்டின்படி' என்று சேர்த்துக் கேட்டார்கள். 'சரி' என்றவர்கள் 72 சதவீதம் ஆகிவிட்டார்கள்.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். டார்வின் வழியில் வந்த கோட்பாடு என்ன சொல்கிறது என்பது இந்த மக்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கிறது. அதையே தன் வாக்குமூலமாகச் சொல் என்றால் கணிசமானவர்கள் பின்வாங்குகிறார்கள். கேட்டவர் உயிரியலைக் கேட்டார். காதில் விழுந்ததோ, "நீ யாருடைய பிள்ளை, எந்தச் சபை?" என்ற கேள்வி.

விவரம் தெரியாததால்தான் மறுக்கிறார்கள், சொல்லிக்கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று அறிவியலை நேசிக்கும் நாம் நம்பிவந்திருக்கிறோம். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹான் கண்டது வேறு. மதப்பற்று குறைந்தவர்களிடம் அறிவியல் தேர்ச்சி கூடக்கூடப் பரிணாமத்தை ஏற்பதும் கூடுகிறது. மதப்பற்று மிகுந்தவர்களிடம் அப்படிக் கூடுவதில்லை. கணக்கிலும் தர்க்கத்திலும் கெட்டியாக இருப்பவர்கூடத் தன் கூட்டம் நிற்கும் பக்கமே நிற்கிறார். ஒரு சிற்றூரில் அந்தப் பக்கத்தை விட்டு நகர்வது என்றால் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு, மகளின் கல்யாணப் பேச்சு, கடை வாடிக்கை எல்லாவற்றிலும் நகர்வதாகும். அந்த விலையை நாம் லேசாக எடைபோட்டுவிடுகிறோம்.

பியூ ஆய்வு மையம் 2018இல் செய்த சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மனிதர்கள் காலப்போக்கில் மாறிவந்தார்களா, ஆதியிலிருந்தே இதே உருவில்தான் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டபோது 31 சதவீதம் பேர் 'இதே உருவில்தான்' என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் 'கடவுளின் வழிகாட்டுதலில் மாறிவந்தார்கள்' என்ற பதிலையும் முதலிலேயே சேர்த்து ஒரே கேள்வியாக வைத்தார்கள். மறுத்தவர்கள் 18 சதவீதமாகக் குறைந்தார்கள். வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடையே 66 சதவீதம் 38 ஆனது. புதிய புதைபடிவம் எதையும் யாரும் காட்டவில்லை. கடவுளைக் கைவிடாமலே பதில் சொல்ல ஒரு வழி திறந்தது, அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு டோவர் வழக்கைப் பார்க்கலாம். டோவர், பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். மனிதப் பரிணாமத்தைக் காட்டி மாணவர் ஒருவர் வரைந்த பெரிய ஓவியம் 2002இல் அவ்வூர்ப் பள்ளியின் அறிவியல் வகுப்பறையிலிருந்து அகற்றப்பட்டு எரிக்கப்பட்டது. 2004இன் இறுதியில் கல்வி வாரியம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்குமுன், டார்வினின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு, உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற வேறு விளக்கமும் உண்டு என்று அறிக்கை வாசிக்க வேண்டும் என்றது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகள் வந்து வாசித்தார்கள். 11 பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். கிட்ஸ்மில்லர் வழக்கு என்று பெயர் பெற்றது அதுதான்.

2005 செப்டம்பரில் விசாரணை தொடங்கியதும் பெற்றோர் தரப்பின் முதல் சாட்சியாக ஏறியவர் உயிரியலாளர் கென்னத் மில்லர். அவர் விளக்கியவற்றில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 ஜோடி குரோமோசோம்கள். நமக்கு 23. எல்லோரும் ஒரே மூதாதையின் வழி வந்தவர்கள் என்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? முழுதாகத் தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்காது. இரண்டு ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தழும்பு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கோட்பாடே சிக்கலில் மாட்டிக்கொள்ளும். தேடினார்கள், கிடைத்தது: நம் இரண்டாம் குரோமோசோமில். குரோமோசோம்களின் நுனியில் இருக்க வேண்டிய மரபெழுத்து வரிசை அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நுனிகள் சேர்ந்த இடம் அது.

எதிர்த்தரப்பு முன்வைத்த பாடநூலிலும் ஒரு தழும்பு கிடைத்தது. படைப்புவாதத்தை அரசுப் பள்ளிகளில் கற்பிக்கக் கட்டாயப்படுத்துவது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்நூலின் வரைவில் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (படைப்புவாதிகள்) என்று இருந்த இடங்களில் 'டிசைன் புரொபோனன்ட்ஸ்' (வடிவமைப்பு ஆதரவாளர்கள்) என்று மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல் நின்றுவிட, 'சிடிசைன் புரொபோனன்ட்சிஸ்ட்ஸ்' என்ற பொருளற்ற சொல் உருவானது. பழைய சரக்கே புதிய பெயரில் வந்தது என்பதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

என் மனத்தில் நிற்பது அந்த மனிதர்கள் யார் என்பது. மில்லர் வழிபாட்டை விடாத கத்தோலிக்கர். தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், அதிபர் புஷ் நியமித்தவர். அவர்தான் 139 பக்கங்களில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' அறிவியல் அல்ல என்று எழுதினார். தீர்ப்புக்குப் பின் அவருக்கு மிரட்டல்கள் வந்தன, பாதுகாப்புப் போட வேண்டியிருந்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே, அந்த நவம்பரில், டோவர் மக்கள் தேர்தலில் நின்ற எட்டு வாரிய உறுப்பினர்களையும் தோற்கடித்திருந்தார்கள். கோயிலுக்குப் போகும் ஊர்தான் அதுவும். நம்பிக்கையை விடு என்று யாரும் அவர்களிடம் நிபந்தனை வைக்கவில்லை.

நம் நாட்டில் தடை வேறு உருவில் வருகிறது. குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, எழுதவும் இல்லை என்று 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதே பாதித் தவறு. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொதுப் பாட்டனின் இரு கிளைகள் நாமும் அதுவும். பங்காளி வீட்டுப் பிள்ளை ஏன் நம் வீட்டுப் பிள்ளையாக மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் மதத்தின் மேலும் அரசியலின் மேலும் போட்டுவிட முடியாது. மனமே இந்தக் கோட்பாட்டுக்குக் கொஞ்சம் எதிராக வளைந்திருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் டெபோரா கெலமென், பாறைகள் ஏன் கூர்மையாக இருக்கின்றன என்று சிறு பிள்ளைகளிடம் கேட்டார். விலங்குகள் முதுகைச் சொறிந்துகொள்வதற்கு என்பது போன்ற விடைகளையே பல பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் தேடுவது பிள்ளைக் குணம் மட்டுமல்ல. அவசரப்படுத்திக் கேட்டால் இயற்பியலாளர்களும் வேதியியலாளர்களும்கூட அந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று அவர் குழுவின் 2013 ஆய்வு காட்டியது. யாருடைய நோக்கமும் இல்லாமல், தற்செயல் மாற்றங்களைச் சூழல் சலித்துச் சலித்து எடுத்ததில் கண் போன்ற ஒன்று உருவாகும் என்பதை மனம் எளிதில் ஒப்பாது. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து நீண்டது என்று நினைப்பவர்கள் பரிணாமத்தை ஏற்பவர்களிலேயே நிறைய உண்டு.

இந்த வளைவு நிமிர்த்த முடியாததல்ல. கெலமென் குழு ஒரு படக்கதை செய்தது. பைலோசா என்ற கற்பனை விலங்குக்குத் தும்பிக்கை உண்டு. சிலவற்றுக்குத் தடிமன், சிலவற்றுக்கு ஒல்லி. வெயில் கூடியதால் பூச்சிகள் ஆழமான, குறுகிய வளைகளுக்குள் போய்விடுகின்றன. ஒல்லித் தும்பிக்கைக்காரர்கள் தின்று, பிழைத்து, குட்டி போடுகிறார்கள். தலைமுறைகள் கழிந்ததும் கூட்டமே ஒல்லித் தும்பிக்கைக் கூட்டமாகிவிடுகிறது. 2014இல் வெளியான அந்த ஆய்வில் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் இயற்கைத் தேர்வைப் புரிந்துகொண்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஐந்து வயதில் முடிகிறது என்றால் பதினைந்து வயதில் ஏன் முடியாது? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடமே வைத்தார்கள். மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலோ 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 2023இல் வெறும் 'மரபுவழி' ஆனது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பாடத்தை நீக்கியவர்கள் சுமை குறைப்பு என்றார்கள், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்றார்கள். அங்கே இருப்பது உண்மைதான். பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுக்கும் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை.