கந்தகம் என்னும் கழிவுச் செல்வம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர்)

கந்தகம் செஞ்சிக்குப் புதியதன்று. 1690 முதல் 1698 வரை சுல்பிகர்கானின் படைகள் நமது கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது முழங்கிய பீரங்கிகளுக்கு உணவு வெடிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையே அது. இன்று மல்லாட்டைக் கொல்லையில் மண் அணைக்கும்போது நாம் இடும் ஜிப்சத்திலும் கந்தகம் உண்டு. அழிக்கவும் ஆக்கவும் வல்ல இந்த மஞ்சள் தனிமம், பெட்ரோலியத் தொழிலின் துணைப் பொருளாகப் பெருமளவில் வெளிவருகிறது. அதைப் பலபடித் துகள்களாக மாற்றி, நஞ்சை அகற்றும் பணிக்கு அனுப்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலியில் பிறக்கும் மஞ்சள் பொருள்

சென்னையை அடுத்த மணலியில் 1969-ஆம் ஆண்டு 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்ற பெயரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். அதன் கொள்திறன் ஆண்டுக்கு 105 லட்சம் டன் கச்சா எண்ணெய்.

கச்சா எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் கலந்துள்ளன. அவற்றை நீக்காமல் டீசலை எரித்தால் கந்தக டை ஆக்சைடு உண்டாகும். அது நுரையீரலைத் தாக்கும். மழையோடு கூடி அமில மழையாகவும் பெய்யும். ஆகவேதான் 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி, ஒரு கிலோ எரிபொருளில் 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. அதற்கு முன் இந்த வரம்பு 50 மில்லிகிராம்.

நீக்கும் முறை என்ன? வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜனைச் செலுத்தினால், எண்ணெயிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிந்து வரும். நம் ஆய்வுக்கூடத்தில் அழுகிய முட்டை நாற்றத்துடன் வரவேற்கும் அதே வாயுதான்! அதில் மூன்றில் ஒரு பங்கை எரித்துக் கந்தக டை ஆக்சைடாக்கி, மீதியோடு வினைபுரியச் செய்தால் நீரும் தூய கந்தகமும் கிடைக்கும். இது கிளாஸ் முறை. 1883-இல் காப்புரிமை பெற்ற இம்முறையின் திருத்திய வடிவங்களே இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன.

கிடைக்கும் கந்தகத்தின் பெரும்பகுதி கந்தக அமிலமாகி, உரத் தொழிலுக்குச் செல்கிறது. எனினும் கனடாவின் ஆல்பெர்ட்டா போன்ற இடங்களில் விற்காத கந்தகம் மஞ்சள் குன்றுகளாகக் குவிந்து கிடந்ததுண்டு. காற்றைக் காக்க எண்ணெயைத் தூய்மை செய்யச் செய்ய, கந்தகமும் பெருகுகிறது. அதற்குப் புதிய வேலை தேட வேண்டாமா?

வளையம் சங்கிலியாகிறது

கந்தக மூலக்கூறு எட்டு அணுக்கள் கொண்ட ஒரு வளையம். சுமார் 119 பாகை செல்சியசில் உருகும் கந்தகம், 159 பாகையைத் தாண்டியதும் கருஞ்சிவப்பாகிப் பாகுபோல் இறுகுகிறது. வளையங்கள் அறுந்து, ஒன்றோடொன்று கோத்து, நீண்ட சங்கிலிகளாவதே காரணம். இதைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் ரப்பர்போல் இழுபடும் 'பிளாஸ்டிக் கந்தகம்' கிடைக்கும். ஆனால் அதன் ஆயுள் சில நாள்களே. சங்கிலிகள் மீண்டும் வளையங்களாகி, பழைய உதிரும் கந்தகமாகிவிடும்.

சங்கிலியின் முனைகளைக் கட்டிப்போட ஒரு துணை வேண்டும். இரட்டைப் பிணைப்புள்ள கரிமச் சேர்மமே அத்துணை. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு சிறிதளவு கந்தகம் சேர்த்து அதை வலுப்படுத்தினார். அதுவே வல்கனைசேஷன். 2013-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பியூன் குழுவினர் விகிதத்தைத் தலைகீழாக்கினர். மிகுதியான கந்தகத்தோடு குறைந்த அளவு கரிமச் சேர்மம் சேர்த்து, நிலைத்து நிற்கும் பலபடியை உருவாக்கினர்.

எண்ணெயும் உப்பும்

இரட்டைப் பிணைப்புக்கு விலையுயர்ந்த வேதிப்பொருள்தான் வேண்டுமா? சமையல் எண்ணெய் போதும் என்று 2017-இல் காட்டினர் ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் சால்க்கர் குழுவினர். பொரித்து மீந்த எண்ணெயும் பயன்பட்டது. எண்ணெயைக் கந்தகத்துடன் காய்ச்சி ரப்பர் போன்ற பொருள் செய்வது பழைய வித்தைதான். இவர்கள் கூட்டிய புதுமை, சோற்றுப்பு!

எண்ணெயும் கந்தகமும் சம எடை எடுத்து, உப்புத் தூளுடன் ஏறத்தாழ 180 பாகையில் சூடாக்கிக் கலக்குகிறார்கள். கலவை இறுகியதும் உடைத்து நீரில் அலசுகிறார்கள். உப்பு கரைந்து வெளியேற, அது இருந்த இடமெல்லாம் துளைகளாகின்றன. மிஞ்சுவது கடற்பஞ்சு போன்ற ரப்பர்த் துகள்கள். துளைகள் இருப்பதால் நீரும் காற்றும் கந்தகத்தை எளிதில் தொடுகின்றன.

நண்பர்கள் இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். வெப்பம் மிஞ்சினால் ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும், அது உயிர்கொல்லி.

பாதரசத்தைப் பிடிக்கும் துகள்

பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிடிப்பைச் சித்த மருத்துவர்கள் பண்டே அறிந்திருந்தனர். இரண்டும் சேர்ந்த சிவந்த சேர்மமே அவர்களது 'லிங்கம்'. ஆய்வுக்கூடத்தில் வெப்பமானி உடைந்தால் சிதறிய பாதரசத்தின்மீது கந்தகத்தூள் தூவுவதும் இப்பிடிப்பை நம்பித்தான். ஆனால் தூள் நீரில் நனையாது, காற்றில் பறக்கும், எளிதில் தீப்பற்றும். பலபடித் துகளைக் கையாள்வது எளிது. உலோகப் பாதரசம், அதன் ஆவி, நீரில் கரைந்த உப்பு, கரிமப் பாதரசம் ஆகிய எல்லாவற்றையும் அது பற்றிக்கொள்வதாக அக்குழு கண்டது.

இதன் அருமையைத் தமிழகம் நன்கு உணரும். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கிடங்குக்குப் போனது வெளிப்பட்டதால், 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்கா சென்றது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்கு நீக்குவது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. சிந்த ஒரு நொடி போதும். அள்ள ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது.

இத்துகள் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. பாதரசத்தைப் பிடித்த துகளும் நஞ்சே. அதைப் பத்திரமாகப் புதைக்கவோ மீட்கவோ வேண்டும். பரந்த நிலத்தில் கலந்ததை அகற்றுவது, ஓடும் கழிவுநீரை வடிகட்டுவதைவிடக் கடினம்.

நம்மால் ஆவது என்ன?

மணலியில் கந்தகம் இருக்கிறது. மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை விளைகிறது. அதன் எண்ணெயின் அயோடின் மதிப்பு ஏறத்தாழ 85 முதல் 100. அதாவது இரட்டைப் பிணைப்புக்குப் பஞ்சமில்லை. நல்ல எண்ணெய் உணவுக்கே போகட்டும். பஜ்ஜிக் கடைச் சட்டியில் கருத்துப்போன எண்ணெய் போதும். துருவப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் விதி. அவ்வெண்ணெய்க்கு இது ஒரு நல்வழி.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "வேதியியல் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று உறவினர் கேட்கும்போது உடனே விடை வருவதில்லை. மூன்று மலிவான பொருள்களைக் கொண்டு ஒரு கொடிய நஞ்சைக் கட்டலாம் என்பது ஒரு விடையாகலாம். அயோடின் மதிப்புக் காணும் சோதனையை மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யாமல், நம் ஊர் எண்ணெய்களை வரிசைப்படுத்தி அளந்து வைப்போம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், அடுத்த படியையும் நாம் ஏறலாம்.