இரவில் கால் குறண்டினால்

ஊர் திரும்பிய முதல் வாரங்களில் வேலை ஓயாது. வளவு துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும். இவ்வளவு வேலைக்குப் பழக்கம் விட்டுப்போன கால்கள் இரவில் குறண்டக்கூடும். கெண்டைக்கால் சதை கல்லுப்போல் இறுகும். பெரும்பாலும் இதில் ஆபத்தில்லை, சில நிமிடங்களில் விட்டுவிடும். ஆனால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத கால்வலிகளும் உண்டு. இரண்டையும் நீங்கள் பிரித்தறிய வேண்டும்.

ஏன் வருகிறது?

• களைப்பும், நெடுநேரம் நிற்பதும் குந்தியிருப்பதும்.
• வெயிலில் வியர்த்து, உடலில் நீரும் உப்பும் குறைதல். வயிற்றோட்டத்தின் பின்னும் இப்படி வரும்.
• கர்ப்பத்தின் பிந்திய மாதங்கள்.
• நீரிழிவு, சிறுநீரக நோய், சலம் கூடுதலாகப் போகத் தரும் குளிசைகள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள்.

குறண்டும்போது

முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். கை எட்டாவிட்டால் பாதத்தில் ஒரு துவாயைக் கொழுவி இழுக்கலாம். சதையை உருவிவிடுங்கள். இறுக்கம் விட்டபின் இளஞ்சூட்டுத் துணியால் ஒத்தடம் கொடுங்கள்.

வராமல் தடுக்க

வேலைக்குப் போகும்போது கொதித்தாறிய தண்ணீர் கொண்டுபோங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை குடியுங்கள். கஞ்சி, மோர், இளநீர் நல்லவை. ஆனால் சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் கூட்ட வேண்டாம். வயிற்றோட்டம் என்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பக்கற் ஜீவனி முழுவதையும் கரைத்துக் குடியுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

படுக்கப் போகுமுன் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிக்கால் நிலத்தில் படும்படி அரை நிமிடம் நில்லுங்கள். மற்றக் காலுக்கும் அப்படியே செய்யுங்கள். கர்ப்பிணிகள் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

பிந்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி: இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி, மாடு போன்றவற்றின் சலம் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் உள்ள கிருமி, கால் வெடிப்பாலும் புண்ணாலும் உடலுக்குள் போகிறது. தலையிடி வரும், கண் சிவக்கும், சலம் குறையும். நேரத்தோடு மருந்து எடுத்தால் சுகமாகும். பிந்தினால் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பனடோலோடு நாள் கடத்தாதீர்கள். வேறு வலிக்குளிசைகள் போடவே வேண்டாம். வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வயல் வேலை தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தல்: இரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் காலை உருவ வேண்டாம். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கால் விறைத்தல், பலம் குறைதல், பழைய காயம் உள்ள இடத்தில் புதிதாக வலி அல்லது சீழ்: இவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் போங்கள், புதிது எழுதித் தருவார்கள்.