மிதிபலகை ஒன்று, பாட்டு பல

ஜமைக்காவின் ரெகே இசைத் தொழிலில் ‘ரிதிம்’ எனப்படுவது, பேஸ் கித்தாரும் டிரம்மும் சேர்ந்து வகுத்துத் தரும், பாட்டு ஏறாத வெற்று வாத்தியப் பின்னணி. தயாரிப்பாளர் அதை ஒருமுறை பதிந்து வைத்தால், பாடகர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தத்தம் சொல்லையும் மெட்டையும் அதன்மேல் ஏற்ற, அவை ஒரே தொகுப்பாக வெளிவரும். 1974இல் ரூப்பி எட்வர்ட்ஸ் வெளியிட்ட ‘யமஹா ஸ்காங்க்’ இவ்வகையின் முன்னோடி. ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டன் அமைத்து 2002இல் வெளிவந்த ரிதிமின் பெயரோ ‘திவாலி’. கைதட்டல் ஓசையே அதன் அடையாளம். தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களின் ‘வர்ணமெட்டு’ முறை வேறு: அங்கே மெட்டு இரவல், சொல் மட்டும் புதிது.

கைதட்டலும் பொதுத் தாளமுமாகப் பலர் பாட்டைத் தாங்கிய வழக்கம் அந்தமானில் ஜமைக்காவின் ரிதிமுக்கு வெகு முன்பே இருந்தது. பெரிய அந்தமானியரின் ஆட்டக்களத்தில், படாக் மரத்தில் கேடயம்போல் குடைந்த பலகை ஒன்றின் கூர்முனையை மண்ணில் பதித்து, பாடுபவர் ஒரு காலால் அதை நிலைப்படுத்தி மறுகாலால் மிதித்துத் தாளம் எழுப்புவார். கால்நீட்டி வரிசையாக அமர்ந்த பெண்கள் தொடையில் தட்டியபடி பல்லவியை ஏற்றுப் பாடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை விவரித்த அதிகாரி இ. எச். மேன், தாளத்துக்கு இசையச் சொற்களின் உருவமே திரிக்கப்பட்டதால், பாட்டின் பொருளைப் புனைந்தவரே பேச்சுமொழியில் விளக்க நேர்ந்ததையும் குறித்திருக்கிறார். வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல் என்று செய்யுள் விகாரத்துக்கு இலக்கணமே வகுத்த தமிழருக்கு இது வியப்பாக இராது.

1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், ஆண்கள் ஒவ்வொருவரும் பாட்டுக் கட்டியதாகவும், ஒருவர் பாட்டை மற்றவர் ஆட்டக்களத்தில் பாடியதில்லை என்றும் எழுதுகிறார். ஓடம் குடையும்போதோ வில் செதுக்கும்போதோ வாய்க்குள் முணுமுணுத்துத் திருத்திய பாட்டை, பெண்கள் ஓரிருவருக்குப் பல்லவி கற்றுக்கொடுத்தபின் கட்டியவர் அரங்கேற்றுவார். களம் வரவேற்றால் அது அவருடைய இருப்பில் சேரும், இல்லையேல் கைவிடப்படும். பாடுபொருளும் பெரும்பாலும் அதே ஓடமும் வேட்டையும்தான். ஆக, பலகை ஊருக்குப் பொது, பாட்டு ஆளுக்குச் சொந்தம்.

ஆனால் அந்தச் சொந்தத்துக்கு ஒரு விலை உண்டு. ஜமைக்காவில் பாடகர் மறைந்தாலும் ரிதிம் நாடாவில் கிடக்கும், வேறொருவர் அதன்மேல் பாடலாம். அந்தமானிலோ பிறர் பாடக்கூடாத பாட்டு, பாடியவரோடு போய்விடும். பெரிய அந்தமானிய மொழிகளில் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். அவரிடமும் எஞ்சிய மற்ற முதியோரிடமும் மொழியியலாளர் அன்விதா அப்பி கேட்டுப் பதிந்தவற்றிலிருந்து 2021இல் வெளிவந்த நூலில் இருப்பவை 46 பாட்டுகள்.