ஓட்டக்காரரும் எடைப்பயிற்சிக் கையேடும்

ஓடுபவர்க்கு எடை தூக்கும் பயிற்சி எதற்கு? ஓட்டக்களத்தில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் வினா இது. ஓடுபவர் தம் உடலை மட்டுமே சுமந்து செல்கிறார். அவ்வுடல் இலேசாக இருத்தல் வேண்டும். எடை தூக்கினால் தசை பருக்கும், பருத்த தசை காலை மந்தமாக்கும் என்னும் விடையும் அவ்வினாவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. நான் பள்ளியில் பயின்ற நாளில் எங்கள் ஊர்த் திடலில் ஓடிய அண்ணன்மார் எவரும் எடைத்தண்டைத் தொட்டதில்லை. தொட்டவரை ஓட்டக்காரராக மதித்ததும் இல்லை. இன்றோ ஓடுபவர்களுக்கென்றே எழுதப்பட்ட எடைப்பயிற்சிக் கையேடுகள் பல வந்துவிட்டன. அவற்றால் உண்மையில் பயன் உண்டா, உண்டெனில் எவ்வகையில், எந்த இடத்தில் அப்பயன் நின்றுவிடுகிறது என்பவற்றை இங்குக் காண்போம்.

முதலில், ஓடும்போது காலுக்கு நேர்வது என்ன என்பதை அறிய வேண்டும். நடக்கும்போது ஏதேனும் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போதோ இரு கால்களும் தரையை விட்டு எழும் நொடி ஒவ்வோர் அடிக்கும் உண்டு. எழுந்த உடல் மீண்டும் தரையைத் தொடுகையில் ஒற்றைக் காலில் இறங்குகிறது. அப்போது அக்கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். 50 கிலோ எடையுள்ள மாணவரின் கால் ஒவ்வோர் அடியிலும் 100 முதல் 150 கிலோ வரையிலான சுமைக்கு ஈடு கொடுக்கிறது. நிமிடத்திற்கு 180 அடி வைத்து ஒரு கிலோமீட்டரை 5 நிமிடத்தில் கடப்பவர் இவ்வாறு 900 முறை இறங்கி எழுகிறார். ஆகவே, ஓடுபவர் எடையே தூக்குவதில்லை என்பது சரியன்று. அவர் அடிதோறும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவே.

இச்சுமையைத் தாங்குபவை தொடை, பிட்டம், கெண்டைக்கால் ஆகியவற்றின் தசைகளும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் ஆகும். குதிகாலுக்கு மேலே தடித்த கயிறுபோல் கைக்குத் தட்டுப்படும் தசைநாண் ஒரு விற்சுருள் போலச் செயல்படுகிறது. கால் இறங்கும்போது நீண்டு ஆற்றலைச் சேமித்து, எழும்போது அதைத் திருப்பித் தருகிறது. அவ்விற்சுருள் உறுதியாக இருந்தால் அதே வேகத்திற்குக் குறைந்த ஆற்றல் போதும். எடைப்பயிற்சியின் பயன் இங்குதான் தொடங்குகிறது.

இவ்வுண்மையைப் பயிற்றுநர்கள் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டு உரோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் 1500 மீட்டர் ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் 3 நிமிடம் 35.6 நொடியில் ஓடி, உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். அவருடைய பயிற்றுநர் பெர்சி செருட்டி, போர்ட்சீ கடற்கரையின் மணல்மேடுகளில் தம் மாணவர்களை ஏறி ஓடச் செய்தவர். எடை தூக்குவதையும் வலியுறுத்தியவர். அதே போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் நியூசிலாந்தின் பீட்டர் சினெல். அவருடைய பயிற்றுநர் ஆர்தர் லிடியார்டோ எடைப்பயிற்சியில் நாட்டமில்லாதவர். நெடுந்தூர ஓட்டமும் மலைச்சரிவில் தாவி ஏறும் பயிற்சியுமே காலுக்குப் போதுமான வலிமையைத் தரும் என்பது அவர் கொள்கை. ஒருவர் எடையை ஏற்றார், மற்றவர் மறுத்தார். இருவர் மாணவரும் வென்றனர். இதிலிருந்து எடைப்பயிற்சி வேண்டாதது என முடிவு கட்டிவிடலாகாது. செருட்டியின் எடைத்தண்டும் லிடியார்டின் மலைச்சரிவும் தேடியது ஒன்றையே. கால் வலிமை வேண்டும் என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. மலையில்லாத ஊரில் வாழும் ஓட்டக்காரர்க்கு எடைத்தண்டு எளிதாகக் கிடைக்கும் மலை எனலாம்.

எடையை எவ்வாறு கூட்டுவது என்பதற்கு ஒழுங்கான முறையொன்றை வகுத்தவர் ஓட்டக்களத்தைச் சேர்ந்தவர் அல்லர், மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் இருந்த அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் பணியாற்றினார். முழங்காலில் காயமுற்று வந்த வீரர்களின் தொடைத்தசை மெலிந்து கிடந்தது. எடை குறைந்த பயிற்சியைப் பன்முறை செய்விப்பதே அக்கால மருத்துவ வழக்கம். இளமையில் தாம் நோயுற்றபோது எடை தூக்கி உடலைத் தேற்றிக்கொண்ட பட்டறிவு டிலார்முக்கு இருந்தது. எனவே அவர் வழக்கத்திற்கு மாறாகக் கனமான எடையைக் குறைந்த முறை தூக்கச் செய்தார். வலிமை கூடக் கூட எடையையும் கூட்டினார். வீரர்கள் விரைந்து தேறினர். 1945இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார். ஒருவர் சரியாகப் பத்து முறை தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, அதில் பாதியை ஒரு சுற்றும், முக்கால் பங்கை ஒரு சுற்றும், முழுமையை ஒரு சுற்றும் தூக்க வேண்டும் என்பது பின்னர் அவர் வகுத்த திட்டம். இன்றைய கையேடுகளில் காணப்படும் ‘மூன்று சுற்று, பத்து முறை’ என்னும் குறிப்பின் வேர் இங்கே உள்ளது.

நம் ஊர்களில் மந்தையிலும் கோவில் முற்றத்திலும் கிடக்கும் இளவட்டக்கல்லை இங்கு நினைத்துப் பார்க்கலாம். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்த இளைஞர் ஊரில் பெருமை பெற்றார். ஆயினும் அக்கல்லின் எடை மாறுவதில்லை. தூக்க முடியும் அல்லது முடியாது என்பதோடு அதன் பாடம் முடிந்துவிடும். இன்று முடியாதவர் அடுத்த மாதம் தூக்குவதற்கு இடையில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கல் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே கையேட்டின் வேலை.

எடை தூக்கினால் உடல் பருக்கும் என்ற அச்சத்திற்கு நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. நன்கு பயின்ற ஓட்டக்காரர் 17 பேரில் ஒரு சாரார் எட்டு வாரம், வாரத்திற்கு மூன்று நாள், கனமான எடையைத் தோளில் தாங்கிப் பாதியளவு குந்தி எழுந்தனர். ஒவ்வொரு நாளும் நான்கு சுற்று; சுற்றுக்கு நான்கு முறை மட்டுமே. மற்றவர் வழக்கம்போல் ஓட்டப்பயிற்சியை மட்டும் தொடர்ந்தனர். முடிவில், எடை தூக்கியவர்கள் அதே வேகத்தில் ஓடுவதற்குச் செலவிட்ட உயிர்வளி ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்திருந்தது. அவர்களின் உடல் எடையோ கூடவில்லை. அதற்கு முன்னர், 1999இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வேறொரு வழியில் இதே இடத்தை அடைந்திருந்தனர். ஒன்பது வாரம், பயிற்சி நேரத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாவுதல், குறுந்தூர விரைவோட்டம், குறைந்த எடையை மிக விரைவாகத் தள்ளுதல் ஆகியவற்றிற்கு ஒதுக்கியவர்களின் 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் குறைந்தது. மொத்தப் பயிற்சி நேரத்தை அவர்கள் கூட்டவில்லை என்பது கருதத்தக்கது. தசையை மூளை ஏவும் திறனும் தசைநாணின் உறுதியும் கூடுவதால் தசை பருக்காமலேயே வலிமை பெருக முடியும். இவ்வாய்வுகளில் பங்கேற்றவர்கள் பல்லாண்டு பயின்ற ஓட்டக்காரர்கள் என்பதையும் மறத்தல் கூடாது. அவர்கள் நிறுத்திய இடம் நாம் தொடங்கும் இடம் அன்று.

இதை நான் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் 1500 மீட்டர் ஓட்டத்தில் வல்லவர். மாவட்டப் போட்டிக்கு ஏழு வாரம் இருந்தபோது யாரோ கொடுத்த எடைப்பயிற்சி நூலொன்றின் நகலைக் கொண்டுவந்து காட்டினார். தேர்வுத்தாள் திருத்தும் மும்முரத்தில் நான் அதைப் புரட்டிப் பார்த்து, “நல்லது, செய்” என்று கூறிவிட்டேன். அது உடலழகுப் போட்டியாளர்களுக்காக எழுதப்பட்ட நூல் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. வாரத்திற்கு ஆறு நாள், ஒவ்வொரு தசையையும் தனித்தனியே களைப்புறச் செய்யும் முறை அது. ஓட்டம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவரோ காலையில் ஓட்டத்தைக் குறைக்காமல், மாலையில் அந்நூலின்படி எடையும் தூக்கினார். நான்காம் வாரத்தில் காலின் முன்னெலும்பில் வலி தொடங்கியது. வலியையும் பயிற்சியின் அடையாளமாக எண்ணி அவர் மறைத்தார். போட்டியன்று பார்வையாளர் வரிசையில் என் அருகில் அமர்ந்திருந்தார். நூல் பொய் சொல்லவில்லை. அது வேறொருவர்க்குச் சொன்னதை நாங்கள் எங்களுக்குச் சொன்னதாகக் கொண்டோம்.

ஆகவே, ஒரு கையேட்டைக் கையில் எடுத்ததும் அதன் படங்களைப் பார்ப்பதற்கு முன், அது யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தல் வேண்டும். ஓடுபவர்க்கான கையேடு ஓட்டத்தை மையத்தில் வைத்து, எடைப்பயிற்சியை அதன் பக்கத்தில் வைக்கும். வாரத்தில் இரண்டு நாள், மிகுந்தால் மூன்று நாள் என்று வரையறுக்கும். விரைவோட்டப் பயிற்சியும் கனமான எடையும் அடுத்தடுத்த நாளில் மோதாதபடி எங்கு வைப்பது என்பதைச் சொல்லும். குந்தி எழுதல், ஒற்றைக் காலை முன்வைத்துத் தாழ்ந்து எழுதல், தரையிலிருந்து எடையை நிமிர்ந்து தூக்குதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் எனப் பல தசைகள் ஒருங்கே உழைக்கும் ஐந்தாறு அசைவுகளே அதில் பெரும்பாலும் இருக்கும். முப்பது நாற்பது பயிற்சிகளை அடுக்கும் நூலைவிட, ஐந்து பயிற்சிகளுக்குக் காரணம் கூறும் நூலே மேல் என்பது என் கருத்து. எடையை எப்போது கூட்டலாம் என்பதோடு, எப்போது கூட்டக்கூடாது என்றும் அது கூற வேண்டும். தசை சில வாரங்களில் வலிமை பெறும். தசைநாண் மெதுவாகவே வலிமை பெறும். தசை ‘முடியும்’ என்று கூறுகின்ற நாளில் தசைநாண் இன்னும் ஆயத்தமாகாமல் இருக்கலாம். என் மாணவர்க்கு அன்று இது தெரியாது, எனக்கும் தெரியாது.

காயத்தைத் தடுப்பதிலும் எடைப்பயிற்சிக்குப் பங்குண்டு. பல விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரை, வலிமைப் பயிற்சியால் விளையாட்டுக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே குறைந்ததாகக் காட்டியது. முறையான பயிற்சி காக்கும், முறையற்ற பயிற்சி காயப்படுத்தும்; இரண்டிலும் கையிலிருப்பது அதே எடைதான்.

கையேட்டால் இயலாத ஒன்றும் உண்டு. அதற்குக் கண் இல்லை. குந்தும்போது முழங்கால் உட்புறம் சாய்வதையும், எடையைத் தூக்கும்போது முதுகு வளைவதையும் அச்சிட்ட படம் பார்த்துச் சொல்லாது. நேற்றிரவு நீங்கள் நான்கு மணி நேரமே உறங்கினீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது. முதற்குறைக்கு மருந்து உடற்கல்வி ஆசிரியரோ பயின்ற தோழரோ அருகில் நிற்பது. இரண்டாவதற்கு ஒரு குறிப்பேடு போதும். நாள், பயிற்சி, எடை, முறை, உறக்கம், வலி இருந்தால் அதன் இடம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவர வேண்டும். தசை முழுவதும் பரவி இரண்டு நாளில் தணியும் நோவு இயல்பானது. ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடும் வலி, ஒரு காலில் மட்டும் வரும் வலி ஆகியவை பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டியவை.

வளரும் பருவத்தில் எடை தூக்கினால் உயரம் தடைப்படும் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. தக்க கண்காணிப்பில், சரியான முறையில் செய்யப்படும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே இன்றைய குழந்தை மருத்துவர்களின் கருத்து. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயலில் ஈடுபட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. தம்மால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த உச்ச எடை எவ்வளவு என்று தோழர்களிடையே பந்தயம் கட்டிச் சோதிப்பதுதான் தீங்கானது.

தொடங்குவதற்கு எடைத்தண்டும் தேவையில்லை. முதல் ஆறு வாரம் தம் உடலெடையே போதும். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துதல், நாற்காலியின் விளிம்பு வரை தாழ்ந்து எழுதல், திண்ணைப் படியில் ஒரு காலால் ஏறி இறங்குதல் ஆகியவை எளியவை. மூன்று சுற்று, பத்து முறை என்பது சிரமமின்றி முடியும்போது புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்புப் புத்தகப்பையின் எடை பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போட்டி நெருங்கும்போது நல்ல கையேடு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும். இறுதி இரண்டு வாரத்தில் சுற்றுகளைக் குறைத்து, வாரத்திற்கு ஒரு நாளோடு நிறுத்தும். போட்டிக்கு முந்தைய சில நாள்களில் எடையைத் தொடவே கூடாது என்று கூறும். என் மாணவர் மறு ஆண்டு பயன்படுத்திய கையேட்டில் அந்த நாள்களுக்குரிய கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அச்சுப்பிழையோ என்று அவர் என்னிடம் வந்து கேட்டார். பிழையன்று, ஓய்வு என்றேன். அவர் தம் குறிப்பேட்டிலும் அக்கட்டங்களை வெறுமையாகவே விட்டுவிட்டு, அவ்வாண்டு மாவட்டப் போட்டியின் தொடக்கக்கோட்டில் நின்றார்.