முகச் சீரமைப்புச் சத்திரசிகிச்சை: காத்திருப்பும் தேறுதலும்

எறிகணைச் சிதறலாலோ புற்றுநோயாலோ தாடையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டொக்டர், பழைய முகம் எப்ப வரும்?"

காலின் மெல்லிய வெளி எலும்பை இரத்தக்குழாயுடன் எடுத்துத் தாடையில் பொருத்தும் முறை 1989இல் அறிமுகமாயிற்று. உடற்பாரத்தைப் பெரும்பாலும் மற்றைய எலும்பே தாங்குவதால், பின்னர் நடக்க முடியும்.

காத்திருக்கும் காலத்தில் புகைத்தலை அடியோடு நிறுத்துங்கள். நிக்கொட்டின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கும். பொருத்திய தசை இறந்துபோகலாம். பற்களைப் பரிசோதியுங்கள். நன்றாகச் சாப்பிட்டு உடல் எடையைக் காத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், சத்திரசிகிச்சை நிபுணரைக் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் முகம் மிகவும் வீங்கும். பயப்பட வேண்டாம், வாரக்கணக்கில் வற்றும். முதலில் குழாய்வழி உணவு, பின்னர் கஞ்சி, சூப். வாய் திறக்கும் பயிற்சியை, சொல்லித்தந்தபடி தவறாமல் செய்யுங்கள். தழும்பு மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதில் வெயில் படாமல் பாருங்கள். காய்ச்சல், சீழ், பொருத்திய தோலின் நிறமாற்றம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பழைய முகம் அப்படியே வராது. இதை முன்கூட்டியே சொல்வது என் கடமை. ஆனால் சாப்பிடவும் கதைக்கவும் சிரிக்கவும் ஒரு முகம் கிடைக்கும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஒரு தாய் மகனுக்காக வீட்டுக் கண்ணாடிகளை மூடிவைத்தார். மகனோ என்னிடம், "அம்மா என்ரை முகத்தைப் பார்த்துக் கதைக்கிறேல்லை, அதுதான் நோகுது" என்றான். பார்த்துக் கதையுங்கள்.