தண்ணியில்லாக் காட்டுக்குத் திரும்பியவர்கள்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று நம் பக்கம் அதிகாரிகளை மிரட்டுவார்கள். மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் அந்தக் காட்டுக்கு ஒரு பெயரே இருந்தது: ஹிவரே பஜார். வேண்டாத அரசு ஊழியர்களை அங்கேதான் தூக்கியடித்தார்கள். 1972 பஞ்சத்துக்குப் பின் கிணறுகள் வற்றின, மலைச்சரிவு மரங்கள் விறகாகிப் போயின. ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. மழை, அதுவும் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். நிற்காமல் கிடைத்தது சாராயம்தான். சனங்கள் மும்பைக்கும் புனேவுக்கும் கூலிக்குக் கிளம்பினார்கள்.

1989-இல் எம்.காம். படித்த போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானார். சரிவெங்கும் குழி வெட்டினார்கள், மரம் நட்டார்கள். அரசுத் திட்டப் பணம், ஊராரின் கூலியில்லா உழைப்பு. இந்த அளவுக்குச் செய்த ஊர்கள் பல உண்டு. தேங்கிய தண்ணீரை யார் உறிஞ்சுவது என்பதில்தான் அவை கோட்டை விடும்.

இங்கே அதைக் கிராம சபை முடிவு செய்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது. கரும்பும் வாழையும் கூடாது. மாட்டை மலையில் மேயவிடக்கூடாது. புல்லை அரிவாளால் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோகலாம். மழைக்காலம் முடிந்ததும் மழைமானிக் கணக்கும் கிணற்று மட்டமும் சபைக்கு வரும். மனிதருக்கும் மாட்டுக்கும் ஒதுக்கியது போகத்தான் பயிருக்கு. 100 மி.மீ. மட்டுமே பெய்ததா, ஒரு போகத்தோடு சரி.

என் நிலத்தில் நான் விதைப்பதை ஊர் சொல்வதா என்று கேட்கலாம். நிலம் உங்களுடையது, அடியில் ஓடும் நீர் பக்கத்து வயலுக்கும் சேர்ந்ததாயிற்றே. ஆனாலும், கல்யாணத்துக்கு முன் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம் என்பது வரை ஊர்க்கட்டுப்பாடு நீண்டது எனக்கு உறுத்தல்தான். பவாரை எதிர்த்துப் போட்டியிட 30 ஆண்டு யாரும் வரவில்லை. 2021-இல் வந்தார்கள், அவர் அணியே வென்றது.

1995-இல் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. பதினைந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மூன்றாகக் குறைந்தது. நாளுக்கு 150 லிட்டர் கறந்த ஊரில் 4,000 லிட்டர் பால். போனவர்களில் பலர் குடும்பத்தோடு திரும்பி, பூட்டிய வீட்டைத் திறந்தார்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டிலும் கிராம சபை கூடுகிறது. இந்த முறை போகும்போது, உங்கள் கிணற்றில் கயிறு விட்டு அளந்து, எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள்.